கூறு போட்ட பட்ஜெட்

எங்கள் ஒன்றியத்தில் ஒரு காலத்தில் எங்கிருந்தும் புறப்படாத, எங்கும் போய்ச் சேராத சாலைகள் இருந்தன. வயலுக்கு நடுவே திடீரென்று சரளை தொடங்கும். மாட்டு வண்டி அதில் ஏறும். சக்கரத்தின் சத்தம் மாறியதைக் கேட்டு வண்டிக்காரர் நிமிர்ந்து உட்காருவதற்குள் சாலை முடிந்து, வண்டி மறுபடி மண்ணில் இறங்கிவிடும். இதில் யாரும் ஒரு காசும் திருடவில்லை. முறைப்படி தீர்மானம் போட்டு, எல்லாரும் சம்மதித்து, தணிக்கையில் ஒரு குறையும் வராமல் போட்ட சாலைகள் அவை.

சென்ற மாதம் ஒன்றிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தபோது இதைச் சொன்னேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போதெல்லாம் எந்தத் தலைப்புக்கு எத்தனை பங்கு என்பது மேலிருந்தே வகுத்து வந்துவிடுகிறதாம். கணினியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் போதுமாம். “உங்க காலத்துல யாருக்கு எவ்வளவுன்னு யாரு அக்கா முடிவு பண்ணுனது?” என்று ஒருத்தி கேட்டாள். சின்னக் கேள்விதான். பதில் சொல்ல ஆரம்பித்தேன். காப்பி ஆறியது, பேருந்துக்கு நேரமானது, அவர்கள் போய்விட்டார்கள். பாதியில் நின்ற பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. அப்பா மானகிரிப் பக்கம் வண்டியில் கல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், தட்டெழுத்துப் படித்தேன், தேர்வு எழுதினேன், அறுபதுகளின் நடுவில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தேன். ஆண்கள் நிறைந்த அலுவலகம். முதல் இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, கூட்டல் போடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் காதில் விழாத மாதிரி இருப்பது. பெயர் பாக்கியம் என்றாலும் எல்லாருக்கும் நான் கணக்கம்மாதான்.

ஒன்றியம் என்பதே அப்போது புதிது. அதற்கு முன்பு ஜில்லா போர்டு. ஒரு பாலம் வேண்டுமானாலும் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேண்டுமானாலும் எங்கோ இருந்த பெரியவர்கள் முடிவு செய்வார்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கோ தலைமை அலுவலகமே மதுரையில் இருந்தது. பிறகு சட்டம் மாறியது. சாலைக்கு இவ்வளவு, பாசனத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று அரசு மானியம் கொடுக்கும். அதை எந்த ஊரில் எப்படிச் செலவழிப்பது என்பதை ஊராட்சித் தலைவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யலாம் என்று வந்தது. கேள்விப்பட்டபோது எனக்குச் சிலிர்த்தது. நம் பணத்துக்கு நாமே பட்ஜெட் போடுகிறோம்! அதைத் தட்டெழுதப் போகிறவள் நான்!

தட்டெழுதினேன். நான்கு பத்திகள். சென்ற வருஷம் உண்மையில் செலவானது, இந்த வருஷத்துக்குப் போட்ட மதிப்பீடு, இந்த வருஷம் திருத்திய மதிப்பீடு, வரும் வருஷத்துக்கான மதிப்பீடு. வரும் வருஷத்துக்கு என்ன போடுவது என்று மேனேஜர் சுப்பையாவிடம் கேட்டபோது, “போன வருசத்தப் பாரு, கொஞ்சம் கூட்டிப் போடு. இதுல என்னத்த யோசிக்கிறது?” என்றார். ஜில்லா போர்டு காலத்திலிருந்தே அவர் முப்பது வருஷம் அப்படித்தான் போட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ராஜகோபால் என்பவர் எங்களுக்கு ஆணையாளராக வந்தார். கும்பகோணத்துக்காரர். மெலிந்த உடம்பு, குரல் உயராது. அவர் பட்ஜெட் படிக்கும் விதத்தை நான் வேறு எந்த அதிகாரியிடமும் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருவார். முதல் பக்கம் காட்டுவதற்காகப் போட்டது, கடைசிப் பக்கத்தில்தான் களைத்துப்போய் உண்மையை எழுதியிருப்பார்கள் என்பார். கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிப்பார். நடுவில் பேனாவை மூடிவிட்டார் என்றால், அன்றைக்குக் கையெழுத்து இல்லை. மணியடித்துக் கூப்பிட மாட்டார். எழுந்து நம் மேசைக்கு வந்து, பக்கத்தில் கிடக்கும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அந்த வருஷம் பட்ஜெட்டைக் கொண்டுபோய் வைத்தேன். பின்னாலிருந்து நான்கு பக்கம் புரட்டினார். பேனாவை மூடினார்.

“நாலு பத்தி இருக்கு. நாலும் பணம்தான். ஊர் எங்கம்மா இருக்கு?”

எனக்குப் புரியவில்லை.

“போன வருஷம் சாலைக்கு இவ்வளவு செலவு ஆகியிருக்கு. சரி. சாலை இருக்கா?”

“செலவாயிருக்கு சார். அப்ப இருக்கும்தானே?”

“போய்ப் பாத்துட்டு வாங்க. ஐந்தாவதா ஒரு பத்தி போடுங்க. முடிஞ்சுதா, முடியலையா, அவ்வளவுதான் எழுதணும்.”

மேனேஜர் எரிச்சலானார். “பொம்பளப் புள்ளைய வெயில்ல அலைய விடுறீங்க. ஓவர்சியர் ரிப்போர்ட்டு இருக்கே சார்” என்றார். ஆணையாளர், “ரிப்போர்ட்டு இருக்கு. சாலை இருக்கான்னுதான் பாக்கச் சொன்னேன்” என்றார்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே ஆவல். நான் இதுவரை எண்ணாகக் கூட்டியதெல்லாம் கண்ணுக்கு எப்படி இருக்கும்? ஓவர்சியருடன் ஜீப்பிலும், ஜீப் போகாத இடத்துக்கு நடந்தும் ஊர் ஊராகப் போனேன். அப்போதுதான் அந்தச் சாலைகளைப் பார்த்தேன். பாதி ஆழத்தில் நின்ற கிணறுகளைப் பார்த்தேன். உறை இறக்கியிருந்தது, தண்ணீர் வரும் ஆழத்துக்கு இறக்கவில்லை. ஓர் ஊரில் பாலத்துக்கு இரண்டு பக்கச் சுவரும் எழுப்பியிருந்தார்கள், மேலே போட ஒன்றுமில்லை. ஆடு மேய்ப்பவர்கள் அதன் நிழலில் படுத்திருந்தார்கள். என் ஐந்தாவது பத்தியில் “முடியவில்லை, முடியவில்லை” என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

கடைசியாகப் போன ஊர் இலந்தையேந்தல். அந்த ஊருக்கு ஒரே கண்மாய். வானம் பார்த்துத்தான் அது நிறைய வேண்டும், அதை வைத்துத்தான் ஒரு போகம் நெல். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போவதற்குக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய கலுங்கு உண்டு. அந்தக் கலுங்கு சரிந்து கிடந்தது. கலுங்கு சரியில்லாமல் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போகும். ஊருக்கு அந்த வருஷம் சோறு இல்லை.

ஊராட்சித் தலைவர் சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். சரிந்த கல்லுக்கு மேலே புதிதாகக் கொஞ்சம் கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தடம் தெரிந்தது. பாதி அடித்துக்கொண்டு போயிருந்தது.

“இது போன வருசத்து மானியம்” என்றார். “அந்தா ஓடைக்குள்ள கெடக்கு பாருங்க கல்லு, அது அதுக்கு முந்துன வருசத்து மானியம்.”

“கொஞ்சம் கொஞ்சமாப் பூசுனா நிக்காதுன்னு தெரியாதாண்ணே?”

“தெரியாம என்ன? வாரது அம்புட்டுத்தான தாயி. வேண்டாம்னு சொன்னா அதுவும் வராது.”

போன ஐப்பசியில் நான்கு நாள் தொடர்ந்து மழை பிடித்தபோது, ஊரே கரையில் நின்று மண் மூட்டை அடுக்கியதாம். மழை விட்டதால் தப்பித்தார்கள். “இன்னொரு ஐப்பசி தாங்காது” என்றார். அவர் குரலில் முறையீடு இல்லை. வண்டி அச்சைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஓலைக் கூரை போட்ட பள்ளிக்கூடம். ஒரே ஒரு ஆசிரியை, ஆரோக்கியமேரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். “ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீகளா? கலுங்கப் பாத்தீகள்ல, இதையும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்க” என்றார். ஓலை வழியாக வானம் தெரிந்தது. கூரைக்கும் மானியத்தில் ஒரு துளி வந்துகொண்டிருந்தது. அதில் வாங்கிய ஓடுகள் மூலையில் அடுக்கியிருந்தன. ஒரு ஓரத்தைக்கூட மூடாது என்பதால் இன்னும் ஏற்றவில்லை.

அலுவலகம் வந்து ஐந்தாவது பத்தியை ஆணையாளரிடம் கொடுத்தேன். மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“ஏன்மா இப்படி? எந்த ஊருக்கும் எதுவும் முழுசா ஏன் போகலை?”

எனக்குக் காரணம் வழியிலேயே பிடிபட்டிருந்தது. ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் சைவம்.

“சார், எங்க பக்கம் பொதுவுல ஆடு வெட்டுனா கூறு போடுவாங்க. தொடை ஒருத்தருக்கு, தலை ஒருத்தருக்குன்னு குடுக்கிறதில்லை. ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம்னு எல்லாத்தையும் நறுக்கி, ஓலையில சமமாக் குவிச்சு வைப்பாங்க. எந்தக் கூறை எடுத்தாலும் ஒண்ணுதான். சண்டை வராது. நம்ம கூட்டத்துல உக்காந்திருக்கிறவங்க எல்லாம் ஊர்ல அந்தக் கூறு போட்டுப் பழகினவங்க. மானியம் வந்ததும் அப்படியே வச்சுட்டாங்க. சாலை கொஞ்சம், கிணறு கொஞ்சம், கூரை கொஞ்சம், கண்மாய் கொஞ்சம்.”

அவர் முகம் சுளிக்கவில்லை. முக்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஈரலை ஏன் நறுக்க வேண்டும், ஓலையை யார் கொண்டுவருவது, யார் முதலில் எடுப்பது என்று பத்துக் கேள்வி கேட்டார். பிறகு, “நல்ல முறைதான். யாரையும் விடலை. ஆனா ஆட்டை நறுக்கினாலும் அது கறியாத்தான் இருக்கும். கலுங்கை நறுக்கினா அது கலுங்கா இருக்காதே” என்றார்.

பட்ஜெட் கூட்டம் வந்தது. எங்கள் சேர்மன் பெரியகருப்பன், கனத்த உடம்பும் கனத்த மீசையும் உள்ளவர். வழக்கமாக நான் பிரதிகளைக் கொடுப்பேன், அவர் “பாத்துட்டீகள்ல? ஏகமனதா நிறைவேறுச்சு” என்பார், பிறகு வடை வரும். அன்றைக்கு ஆணையாளர் ஐந்தாவது பத்தியை ஒவ்வொரு ஊராகப் படித்தார். முடியவில்லை. முடியவில்லை. முடியவில்லை.

“என்ன, எங்களக் குத்தவாளிக் கூண்டுல ஏத்துறீகளா?” என்று ஒருவர் எழுந்தார். 

“குத்தம் யார் மேலயும் இல்லை. எல்லாருக்கும் சமமாக் குடுத்திருக்கீங்க. ஆனா எதுவும் முடியலை. இந்த வருஷம் ஒரு வேலையாவது முடிக்கலாமா?”

சவரிமுத்து எழுந்தார். கலுங்கைச் சொன்னார். இரண்டு வாக்கியம்தான். உட்கார்ந்துவிட்டார். பெரிய கூச்சல் எழுந்தது.

“அவருக்கு முழு ஆட்டையும் குடுத்துட்டு நாங்க ஓலைய நக்கவா?”

“கண்மாயி எங்களுக்கும்தான்யா இருக்கு.”

“அந்தக் கண்மாய்த் தண்ணி வழிஞ்சு எங்குட்டுப் போகுது? நேரா சேர்மன் ஊரு கண்மாய்க்கு. இப்பத் தெரியுதா சங்கதி?”

எல்லாரும் சேர்மனைப் பார்த்தார்கள். அவர் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இலந்தையேந்தல் கரை உடைந்தால் வெள்ளம் முதலில் விழுவது அவர் ஊரில்தான். ஆதரித்துப் பேசினால் தன் ஊருக்காகப் பேசுகிறார் என்பார்கள் என்று மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது மேசையைத் தட்டினார்.

“ஆமாய்யா, எனக்கும் நல்லதுதான். இல்லைன்னு சொன்னேனா? ஒடைஞ்சா மொதல்ல முங்குறது நாந்தான். அதுக்காக ஒடையட்டும்னு விட்டுருவமா?”

அப்போதும் கூச்சல் அடங்கவில்லை. சவரிமுத்து மறுபடி எழுந்தார். “எங்க ஊருக்கு உள்ள ரோட்டுப் பங்கு வேண்டாம். கெணத்துப் பங்கு வேண்டாம். அத மத்த ஊருகளுக்கு எடுத்துக்கங்க.” கொஞ்சம் நின்றார். “பள்ளிக்கூடத்துக் கூரைப் பங்கையும் எடுத்துக்கங்க. ஒன்றியத்துப் பாசன மானியத்த மட்டும் ஒட்டுக்க கலுங்குக்குக் குடுங்க.”

என் பேனா நின்றது. தீர்மானத்தை எழுத வேண்டியவள் நான். கலுங்கு வேண்டும் என்று என் ஐந்தாவது பத்திதான் சொல்லியிருந்தது. அதற்கு விலையாக ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை போகும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தால்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எழுத மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? கரையில் மண் மூட்டையோடு நின்ற ஊரை நினைத்தால், சொல்லியிருக்க மாட்டேன் என்றே இன்றைக்கும் தோன்றுகிறது. எழுதினேன். கை தூக்கி எண்ணினார்கள். மயிரிழையில் நிறைவேறியது.

சண்டை முடிந்தது என்று நினைத்தோம். ஓவர்சியர் மதிப்பீடு போட்டுக் கொண்டுவந்தபோதுதான் அடுத்த முட்டு தெரிந்தது. இவ்வளவு ரூபாய்க்கு உட்பட்ட வேலைக்குத்தான் ஒன்றியம் தானே அனுமதி கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. கலுங்கு அந்த வரம்பைத் தாண்டியது. மேலே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். மேனேஜர் சுப்பையா கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

“கலுங்கோட எடது பக்கம் ஒரு எஸ்டிமேட்டு, வலது பக்கம் ஒரு எஸ்டிமேட்டு. ரெண்டும் நம்ம அதிகாரத்துக்குள்ள அடங்கிரும். எல்லா எடத்துலயும் இப்படித்தான் சார் நடக்கு.”

ஆணையாளர் பேனாவை மூடினார்.

“நறுக்க வேண்டாம்னுதானே அன்னிக்கு ஒரு நாள் பூராச் சண்டை போட்டோம்?”

“இது பேப்பர்லதான சார் நறுக்குறது?”

“ரெண்டு எஸ்டிமேட்டுன்னா ரெண்டு ஒப்பந்தம். எடது பக்கத்துக்காரன் முடிச்சு, வலது பக்கத்துக்காரன் ஓடிட்டா? தவிர, ஒரு வேலையைப் பிரிச்சுக் காட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. முழுசா அனுப்புங்க.”

முழுசாக அனுப்பினோம். சேர்மன் காதுக்கு விஷயம் போனதும் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். “நாங்க ஒரு முடிவுக்கு வர மாட்டோமான்னு கேட்டீக. வந்துட்டோம். இப்ப என்னன்னா அனுமதி அங்க இருந்து வரணுங்கிறீக. எங்களுக்குள்ள அடிச்சுக்கிறதுக்கு மட்டும்தான் அதிகாரம் குடுத்திருக்கீகளா?” என்று கேட்டார். ஆணையாளர் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டது போலத் தலையை ஆட்டினார்.

சித்திரை போனது, வைகாசி போனது. சவரிமுத்து சந்தைக்கு வரும்போதெல்லாம் அலுவலக வாசலில் கிடந்த பெஞ்சில் வந்து உட்காருவார். எதுவும் கேட்க மாட்டார். ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையசைப்பேன். எழுந்து போய்விடுவார். ஆனி மாதத்தில் மேலிருந்து பதில் வந்தது. அனுமதி அல்ல, ஒரு கேள்வி. ஒரே ஊராட்சிக்கு இவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டதன் காரணம் என்ன, பிற ஊராட்சிகளுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்காததற்கு விளக்கம் தேவை.

ஆணையாளர் சத்தமாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். “உங்க ஊர் கூறு மதுரை வரைக்கும் போயிருக்கும்மா” என்றார். பிறகு முகம் மாறியது. எழுதிப் பதில் அனுப்பினால் இன்னொரு கேள்வி வரும். அதற்குள் மழை வந்துவிடும். “நேரா போவோம். நீங்களும் வாங்க. ஐந்தாவது பத்தியை எடுத்துக்கங்க.”

சேர்மன், ஆணையாளர், நான் மூவரும் ஜீப்பில் மதுரைக்குப் போனோம். ஆண்களோடு அவ்வளவு தூரமா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பா, “அவ போகாட்டி அந்தக் கணக்க யாரு படிச்சுச் சொல்லுவா?” என்று கேட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நாங்கள் பார்த்த மேலதிகாரி வயதானவர். மேசையில் கோப்பு மலை போலக் கிடந்தது. எங்கள் கோப்பைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி எங்கள் மேனேஜர் கேட்டதேதான்.

“இதை ரெண்டாப் பிரிச்சு நீங்களே முடிச்சிருக்கலாமே? எதுக்கு இவ்வளவு தூரம்?”

“பிரிச்சிருந்தா இது உங்க கண்ணுல பட்டிருக்காது சார்” என்றார் ஆணையாளர். “வரம்பு போதலைன்னு யாரும் உங்ககிட்ட வர்றதில்லை. பிரிச்சுக்கிறாங்க. அதனால வரம்பு போதும்னே மேலே நினைச்சுக்கிட்டிருக்காங்க.”

அந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஐந்தாவது பத்தியைத் தன் பக்கம் திருப்பினார்.

“இது என்ன பத்தி? படிவத்துல கிடையாதே. யார் போட்டது?”

ஆணையாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். “ஐயா போடச் சொன்னாங்க. ஊர் ஊராப் போய்ப் பாத்து எழுதினது நான் சார்.”

“எல்லாத்தையும் நீயே பாத்தியா?”

“பாத்தேன் சார். அந்தப் பாலத்து நிழல்ல உக்காந்து தண்ணியும் குடிச்சேன்.”

சேர்மன் குறுக்கே புகுந்தார். “அதுக்கு மட்டுந்தாங்கய்யா அந்தப் பாலம் ஆகும்.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். கடைசியில், “மத்த ஒன்றியங்கள்லயும் இப்படித்தான் இருக்குமோ?” என்று கேட்டார். எங்களைக் கேட்டது போல இல்லை. ஆணையாளர், “போய்ப் பாக்கணும் சார்” என்றார். மேலதிகாரி பேனாவை எடுத்தார்.

ஆவணியில் வேலை தொடங்கியது. பழைய கல்லை முழுவதும் பெயர்த்து, அஸ்திவாரத்திலிருந்து எழுப்பினார்கள். சவரிமுத்து பகலெல்லாம் அங்கேயே நின்றாராம். ஒப்பந்தக்காரர் என்னிடம் வந்து, “அந்தாளுக்கு வேற சோலியே இல்லையா?” என்று புலம்பினார். மழைக்கு முன்னால் முடிந்தது. சில வருஷம் கழித்து ஒன்றியங்களுக்கான வரம்பை உயர்த்தியபோது, அதற்கும் எங்கள் கோப்புக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்கிறது என்று தகவல் வந்ததும் ஓவர்சியருடன் போனேன். நான் தட்டெழுதிய ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு பாய்வதை முதல்முறையாகப் பார்த்தேன். வழவழப்பான கல்லின் மேல் தண்ணீர் கண்ணாடி போல வளைந்து விழுந்தது. சவரிமுத்து குடைகூட இல்லாமல் நின்றார். என்னைப் பார்த்ததும் கை கூப்பவெல்லாம் இல்லை. “அந்த ஓரத்துல ஒரு கல்லு லேசா ஆடுது, ஓவர்சியர்ட்டச் சொல்லுங்க” என்றார்.

கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் தலையில் சிலேட்டைக் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் ஆரோக்கியமேரி டீச்சர்.

“வேடிக்கை பாக்கக் கூட்டியாந்தீகளா டீச்சர்?”

“வேடிக்கையா? உள்ள உக்கார முடியல. எல்லா எடத்துலயும் ஒழுகுது. நனையுறதுதான் நனையுதுக, இங்குட்டு வந்து நனையட்டும்னு கூட்டியாந்தேன்.”

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: “கலுங்கு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எம் புள்ளைகளுக்கும் சோறு வேணும். ஆனா எங் கூரைய எங்க எழுதி வச்சிருக்கீக?”

“அடுத்த பட்ஜெட்ல எழுதுவேன் டீச்சர். எழுதுறது மட்டுந்தான் நான். முடிவு பண்றது அவுக.”

“அப்ப எழுதும்போது கொஞ்சம் சத்தமா எழுதுங்க” என்றார்.

அந்த மாசியில் ஆணையாளருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் ஐந்தாவது பத்தியை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. நான் தட்டெழுதிக்கொண்டேன். பட்ஜெட் கூட்டத்தில் பிரதிகளைக் கொடுத்துவிட்டு நான் நகரவில்லை. “ஐயா, அனுமதி குடுத்தீகன்னா நான் படிச்சிருவேன்” என்றேன். சேர்மன் ஆச்சரியப்பட்டாலும் படிக்கச் சொன்னார். படித்தேன். இலந்தையேந்தல் கலுங்கு, முடிந்தது. முழுப் பக்கத்திலும் அந்த ஒரு வரியில்தான் அப்படி இருந்தது. உடனே பாலத்துக்காரர் எழுந்து, தன் ஊருக்கும் அப்படி ஒரு வரி வேண்டும் என்றார். இன்னொருவர் கிணற்றுக்கு எழுந்தார். ஒரே சண்டை. கடைசியில் பாலத்துக்கு என்று முடிவானது. அதற்குள் நான் அடுத்த வரியையும் சத்தமாகப் படித்தேன். இலந்தையேந்தல் பள்ளிக்கூடக் கூரை, முடியவில்லை.

“அவுகளுக்குத்தான் கலுங்கு வந்துருச்சேம்மா” என்றார்கள். சவரிமுத்து குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வருஷமும் படித்தேன். அந்த வருஷம் பணம் ஒரு கிணற்றுக்குப் போனது. கூரை, முடியவில்லை. “கணக்கம்மாவுக்கு அந்த ஊர்ல சம்பந்தம் எதுவும் பேசுறாகளா?” என்று யாரோ கேட்டுச் சிரிப்பு மூட்டினார்கள். நான் சிரிக்காமல், விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தேன்.

அதற்கடுத்த வருஷம் பிரதிகளைக் கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமினேன். சேர்மன் பெரியகருப்பன் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“தெரியும் தாயி. இலந்தையேந்தல் பள்ளிக்கூடம். எழுதிக்க.”